ஒரு கட்டி ஐஸுக்கு எத்தனை யூனிட்?

கரையோர ஐஸ் ஆலை ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது: "நாளுக்கு இழுக்கிற கட்டி முந்தியளவுதான். கரன்ட் பில் மட்டும் மாசத்துக்கு மாசம் ஏறுது. கொம்பிரசர் பழசாப் போச்சு, புதுசு போடுங்கோ எண்டு சொல்லுகினம். போடலாமோ?"

இப்போதைக்கு வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஐஸ் ஆலை வழக்கத்துக்கு மேல் மின்சாரம் இழுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிணற்று நீரை. சந்தேகத்தை அளந்து உறுதிசெய்யலாம். அதற்கு ஒரு கொப்பி, மின்மீற்றர், ஏற்கெனவே பூட்டியிருக்கும் அமுக்கமானி, இரண்டு வெப்பமானிகள், உயர்தர இரசாயன மாணவர்கள் செய்யும் இரண்டு சோதனைகள் போதும்.

முதலில், எவ்வளவு மின்சாரம் தேவை என்று தெரிந்திருக்க வேண்டும். 50 கிலோ கட்டி ஒன்றை எடுப்போம். கிணற்று நீர் 28 பாகையில் வருகிறது. அதைப் பூச்சியத்துக்கு இறக்க கிலோவுக்கு 117 கிலோயூல், உறையவைக்க மறைவெப்பம் 334, உறைந்த பின் இன்னும் 6 பாகை குளிர்விக்க 13. கூட்டினால் 464. 50 கிலோவுக்கு 23,200 கிலோயூல், ஒரு யூனிட் 3,600 கிலோயூல் என்பதால் அது சுமார் 6.4 யூனிட் வெப்பம். குளிரூட்டும் பொறி வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடுவதால், நல்ல நிலையிலுள்ள அமோனியாப் பொறி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆகவே கட்டிக்கு 2.1 யூனிட். பம்பி, பிரைன் (கட்டிகளை உறையவைக்கும் குளிர்ந்த உப்புநீர்) தொட்டியைக் கலக்கும் மோட்டர், குளிர்கோபுர விசிறி, தொட்டிச் சுவரால் உள்ளே வரும் வெப்பம் எல்லாம் சேர எங்கள் காலநிலையில் கட்டிக்கு 3 முதல் 3.5 யூனிட் என்றால் ஆலை நன்றாக ஓடுகிறது என்று கொள்ளலாம்.

ஆனால் மாதப் பில்லைக் கட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் ஒற்றை எண் ஏமாற்றும். கடல் கொந்தளித்து வள்ளங்கள் இறங்காத மாதத்தில் கட்டி குறையும், கலக்கியும் பம்பியும் வழமைபோல ஓடும், பழுது எதுவும் இல்லாமலே கட்டிக்கான யூனிட் ஏறிவிடும். ஆகவே தினமும் காலை 6 மணிக்கு மீற்றரை வாசித்து, முதல்நாள் இழுத்த கட்டிகளையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதத்தின் பின் வரைபுத்தாளில் கிடையச்சில் கட்டிகள், நிலைக்குத்தச்சில் யூனிட். புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் விழும்.

அந்தக் கோடு இரண்டு விடயங்களைப் பிரித்துத் தருகிறது. உதாரணமாக, வெட்டுத்துண்டு (கோடு நிலைக்குத்தச்சை வெட்டும் இடம்) 150, படித்திறன் (கோட்டின் சரிவு) 2.4 என்று வைப்போம். ஒரு கட்டிகூட இழுக்காத நாளிலும் ஆலை 150 யூனிட் எடுக்கும், அதன்மேல் ஒவ்வொரு கட்டிக்கும் 2.4 யூனிட். 200 கட்டி இழுத்த நாளில் 630 யூனிட், கட்டிக்கு 3.15. 80 கட்டி இழுத்த நாளில் 342 யூனிட், கட்டிக்கு 4.3. ஆலை ஒன்றுதான், அதன் நிலையும் ஒன்றுதான். பில் ஏறும்போது வெட்டுத்துண்டு உயர்ந்திருந்தால் தொட்டியின் வெப்பக் காவலி நனைந்திருக்கிறதா, மூடிப் பலகைகள் இடைவெளி விட்டுள்ளனவா, தேவையில்லாத நேரத்தில் எந்த மோட்டர் ஓடுகிறது என்று பாருங்கள். படித்திறன் உயர்ந்திருந்தால் வெப்பத்தை வெளியேற்றும் வேலையே கடினமாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு நாளும் கோடு சொல்லும் யூனிட்டுக்கும் மீற்றர் காட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடர்ந்து கூட்டிவந்தால் பழுது தொடங்கிய கிழமையே தெரியவரும். அதுவரை பூச்சியத்தைச் சுற்றி நின்ற கூட்டுத்தொகை அன்றிலிருந்து ஏறத் தொடங்கும்.

படித்திறன் ஏறிய ஆலையில் அடுத்துப் பார்க்கவேண்டியது வெளியேற்றப் பக்க அமுக்கமானி. கொம்பிரசர் நெரித்த அமோனியா வாயு கொண்டென்சரில் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அது 35 பாகையில் ஒடுங்கினால், அதாவது திரவமானால், மானி சுமார் 181 பிஎஸ்ஐ (அமுக்க அலகு) காட்டும், 40 பாகையில் 211, 45 பாகையில் 244. ஒடுங்கும் வெப்பநிலை ஒரு பாகை ஏற, அதே ஐஸுக்குக் கொம்பிரசர் எடுக்கும் மின்சாரம் நூற்றுக்கு 2 முதல் 3 வரை கூடும். கொண்டென்சரை விட்டு வெளியேறும் நீரின் வெப்பநிலையையும் அளந்து, ஒடுங்கும் வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். துப்புரவான கொண்டென்சரில் இந்த இடைவெளி 3 முதல் 5 பாகை வரை இருக்கும். 8, 10 என்று வந்தால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது, அல்லது கொண்டென்சரில் நீர் ஓடும் ரியூப்பில் படிவு. இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. கொம்பிரசரை நிறுத்தி, நீரை மட்டும் ஓடவிட்டு, உட்செல்லும் நீரும் வெளிவரும் நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். அப்போது மானி அந்த வெப்பநிலைக்குரிய அமுக்கத்தையே காட்டினால் காற்று இல்லை, படிவுதான். அதைவிடக் கூடக் காட்டினால் காற்று. காற்றை வெளியேற்றுவது அமோனியா பழகிய மெக்கானிக்கின் வேலை, மற்றவர்கள் வால்வைத் தொடக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் படிவுதான். அது எப்படி உண்டாகிறது என்பதுதான் இந்த விடயத்தில் மிக அழகான பகுதி.

குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. சுத்தமான நீரில் சுண்ணாம்புக் கல் மிகக் கொஞ்சமே கரையும். ஆனால் மாரி மழை மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மென்னமிலமாகிறது. அந்த நீர் கல்லைக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றாகத் தனக்குள் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெளிந்த நீர். உள்ளே கரைந்திருப்பது கல். அந்தக் கல் கரைந்த நிலையில் நிற்பதற்குக் கூடவே கரைந்துள்ள காபனீரொட்சைட்டுத்தான் காரணம். அது போனால் கல் திரும்பிவிடும்.

குளிர்கோபுரத்தில் நாங்கள் செய்வது என்ன? நீரைத் துளிகளாகச் சிதறவிட்டு விசிறியால் காற்றை ஊதுகிறோம். காபனீரொட்சைட்டை வெளியேற்ற இதைவிட நல்ல முறை கிடையாது. ஒரு பகுதி நீர் ஆவியாகிப் போகிறது, உப்புகள் எல்லாம் மிச்ச நீரில் செறிகின்றன. பிறகு அந்த நீரையே சூடான ரியூப்புக்கு அனுப்புகிறோம். சீனியும் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கல்சியம் காபனேற்று மாறாக நடக்கும், நீர் சூடாகச் சூடாக அதன் கரைதிறன் குறையும். ஆகவே சுற்றோட்டத்தில் எந்த இடம் மிகவும் சூடானதோ அங்கேதான் கல் முதலில் பிரிந்து ஒட்டும். அந்த இடம் ரியூப்பின் சுவர், வெப்பம் கடந்துபோக வேண்டிய அதே சுவர். வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது இதே கல்தான்.

உருக்கின் வெப்பக் கடத்துதிறன் மீற்றருக்கும் பாகைக்கும் சுமார் 50 வாற்று. சுண்ணாம்புப் படிவுக்குச் சுமார் 2. ஆகவே 1 மில்லிமீற்றர் படிவு, ரியூப்பின் சுவரோடு மேலதிகமாக 25 மில்லிமீற்றர் உருக்கை ஒட்டியதற்குச் சமம். சதுர மீற்றருக்கு 5,000 வாற்று வெப்பம் கடக்கும் கொண்டென்சரில் அந்த 1 மில்லிமீற்றருக்குள் மட்டும் 2.5 பாகை இழக்கப்படுகிறது. 2 மில்லிமீற்றர் என்றால் 5 பாகை. மேலே சொன்ன ஆலையின் படித்திறன் 2.4 இலிருந்து 2.7 க்கு ஏற இது போதும். 200 கட்டிக்கு நாளுக்கு 60 யூனிட், மாதத்துக்கு 1,800 யூனிட்.

எவ்வளவு கல் வருகிறது? நாளுக்கு 10 தொன் ஐஸ் செய்யும் ஆலையின் கோபுரத்தில் சுமார் 2,800 லீற்றர் நீர் ஆவியாகிறது. கிணற்று நீரின் வன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கல்லின் அளவு, லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று எடுத்தால், ஆவியாகும் நீர் நாளொன்றுக்கு 840 கிராம் கல்லை விட்டுப் போகிறது. மாதம் 25 கிலோ. இது வடிகாலால் வெளியே போக வேண்டும், அல்லது கோபுரத்திலும் ரியூப்பிலும் ஒட்ட வேண்டும். வேறு வழி இல்லை.

எந்த வழியால் போகிறது என்பதைக் கொண்டென்சரைத் திறக்காமலே அறியலாம். கிணற்று நீரிலும் சுற்றும் நீரிலும் குளோரைட்டையும் வன்மையையும் அளவிடுங்கள். குளோரைட்டுக்கு வெள்ளி நைத்திரேற்று நியமிப்பு, வன்மைக்கு ஈடிடிஏ நியமிப்பு. மேலே சொன்ன உயர்தர மாணவர்களின் இரண்டு சோதனைகள் இவைதான். குளோரைட்டு எந்தச் சூட்டிலும் படியாது, நீர் எத்தனை மடங்கு செறிந்ததோ அத்தனை மடங்கு அதுவும் செறியும். லீற்றருக்குக் கிணற்றில் 150 மில்லிகிராம், சுற்றும் நீரில் 450 என்றால் நீர் மூன்று மடங்கு செறிந்திருக்கிறது. அப்படியானால் 300 ஆக இருந்த வன்மை 900 ஆக வேண்டும். 600 தான் காட்டுகிறதா? காணாமற்போன 300 மில்லிகிராம் ஒவ்வொரு லீற்றரிலிருந்தும் பிரிந்து உள்ளே எங்கோ ஒட்டிவிட்டது. பாசிக்குக் குளோரின் போட்ட கிழமையில் மட்டும் இந்தச் சோதனையைத் தவிருங்கள், அது குளோரைட்டைக் கூட்டிக் காட்டும்.

நீர்க்குழாயில் காந்தம் கட்டினால் கல் படியாது என்று சொல்லி விற்பவர்களுக்கும் இதே சோதனையை வையுங்கள். கட்டுவதற்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம் அளந்து, காணாமற்போகும் வன்மை குறைந்தால் காசு கொடுக்கலாம். சுவரில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கிற சின்னப் பெட்டியும் இந்த வகைதான். அதற்குள் இருப்பது ஒரு கொள்ளளவி. யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டும் வீட்டில் அதனால் பயன் இல்லை. 42 கேவிஏக்கு மேல் இணைப்பு வாங்கிய ஆலையில் உச்சக் கேள்விக்கும் (ஒரே நேரத்தில் இழுத்த மிகக் கூடிய கேவிஏ அளவுக்கும்) தனிக் கட்டணம் உண்டு என்பதால், அளந்து தெரிவுசெய்த கொள்ளளவித் தொகுதி உண்மையாகவே உதவும். அது வலுக்காரணியை உயர்த்தி கேவிஏயைக் குறைக்கும்: 40 கிலோவாற்றுச் சுமை வலுக்காரணி 0.75 இல் 53 கேவிஏ, 0.95 இல் 42 கேவிஏ. கட்டணம் கூடிய மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை கொம்பிரசரை இளைப்பாறவிட்டு, அதன் பின் பிரைனைக் குளிர்விப்பதும் அளந்து பார்க்க வேண்டிய வழி.

கிளிநொச்சியில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் இருக்கிறது. வடக்கின் ஐஸ் ஆலைகளையும் அரிசி ஆலைகளையும் ஒரு வருடம் தொடர்ந்து அளக்க மாணவர்களுக்கு மீற்றரும் போக்குவரத்துச் செலவும் கொடுப்பதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி நிதி குறைவு என்பது என் உறுதியான கருத்து. எந்த வன்மைக்கு எத்தனை மடங்கு செறிவு பாதுகாப்பானது என்பதை வேறு நாட்டுக் கையேட்டிலிருந்து கடன்வாங்கும் நிலை மாறவேண்டும்.

படிவைத் தடுக்க எளிய வழி, சுற்றும் நீரில் ஒரு பகுதியைத் தொடர்ந்து வடித்துவிடுவது. வடிக்க வேண்டிய அளவு, ஆவியாகும் நீரைச் செறிவு மடங்கிலிருந்து ஒன்று கழித்துவரும் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். மூன்று மடங்குக்கு 1,400 லீற்றர், இரண்டு மடங்குக்கு 2,800 லீற்றர். உவராகிவரும் கிணறுகளைக் கொண்ட ஊரில் இது சிறிய தொகை அல்ல. அதனால்தான் கூரை நீரைச் சேர்ப்பது ஐஸ் ஆலைக்குச் சக்திச் சேமிப்பும்கூட. 300 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழைக்கு 300 லீற்றர் கிடைக்கும், அதில் கல் இல்லை. ஆனால் தனி மழைநீர் உருக்கை அரிக்கும். கிணற்று நீருடன் கலந்தே விடுங்கள்.

ஏற்கெனவே படிந்ததை நீக்குவதற்கு முதலில் தூரிகை, பிறகுதான் அமிலம். 20 சதுர மீற்றர் ரியூப் பரப்பில் 1 மில்லிமீற்றர் படிவு சுமார் 50 கிலோ கல். ஒரு கிலோ கல்லைக் கரைக்க ஏறக்குறைய 2 கிலோ சல்பாமிக் அமிலம் தேவை. எல்லாவற்றையும் அமிலத்தால் கரைக்க நினைத்தால் 100 கிலோ வேண்டும். முனை மூடிகளைக் கழற்றி, நேரான ரியூப்புகளைத் தூரிகையால் தள்ளிவிட்டால் அமிலச் செலவு பெருமளவு குறையும். மிச்சத்துக்கு 100 லீற்றர் நீரில் 5 முதல் 10 கிலோ சல்பாமிக் அமிலம், அரிப்பைத் தடுக்கும் சேர்மானத்துடன். நாகம் பூசிய கோபுரத்தை இந்தச் சுற்றிலிருந்து பிரித்துவிடுங்கள், அமிலம் அதைத் தின்றுவிடும். ஒரு கிலோ கல் கரையும்போது சுமார் 250 லீற்றர் காபனீரொட்சைட்டு வரும், ஆகவே திரும்பும் குழாய் திறந்த தொட்டியில் விழவேண்டும், அறைக்குக் காற்றோட்டமும் வேண்டும். நுரை நின்று, பிஎச் தாள் அரை மணித்தியாலம் நிறம் மாறாமல் அமிலத்தையே காட்டினால் வேலை முடிந்தது. சலவைச் சோடாக் கரைசலால் நடுநிலையாக்கிய பின்பே நீரை வெளியேற்றுங்கள். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாக அது அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது.

துப்புரவு செய்தபின் 10 நாள் மீண்டும் எழுதி, புதிய கோட்டைக் கீறுங்கள். அமுக்கம் 190 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கி, படித்திறனும் 2.4 க்குத் திரும்பினால் கொம்பிரசருக்குக் குறையில்லை. அமுக்கம் இறங்கியும் படித்திறன் இறங்காவிட்டால், உறிஞ்சும் பக்க அமுக்கம் வழமையைவிடக் கூட நிற்கிறதா, வெளியேற்றத் தலை தாங்கமுடியாமல் சுடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் வால்வுத் தட்டும் பிஸ்டன் வளையமும் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றி, இன்னொரு 10 நாள் அளந்த பிறகும் கோடு இறங்காவிட்டால்தான் புதுக் கொம்பிரசரின் விலையை விசாரிக்க வேண்டும்.