கீறல் இல்லையென்று காத்திருக்காதீர்கள்

"மேலே ஒரு கீறல்கூட இல்லை டாக்டர், எழுந்து நடந்தது, அதனால்தான் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்." வண்டி மோதிய நாயைத் தாமதமாகக் கொண்டுவருபவர்கள் பலரும் சொல்வது இதுதான். இந்த வாரமும் கேட்டேன். வயிற்றில் ஊசியைச் செருகியதும், உள்ளே கசிந்து தேங்கியிருந்த உறையாத இரத்தம் சிரிஞ்சில் ஏறியது.

நாயின் பின்னுடலிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பின்பெருஞ்சிரை, நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தின் நடுப்பகுதியைத் துளைத்துக்கொண்டு நெஞ்சறைக்குள் நுழைகிறது. கல்லீரல் சிரைகள் அந்த வாயிலுக்குச் சற்று முன்பாகவே அதில் வந்து சேர்கின்றன. முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியின் குட்டையான ஒரு கிளையே கல்லீரல், இரைப்பை, மண்ணீரல் மூன்றுக்கும் இரத்தம் தருகிறது. இவற்றுள் மண்ணீரல், இரைப்பையோடு மெல்லிய குழாய்களாலும் சவ்வாலும் மட்டும் பிணைந்து தளர்வாகத் தொங்குவது. மோதலில் தோலும் ரோமமும் அப்படியே இருக்க, உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்துவிடும்.

தோல் கிழிந்தால்தான் ஆபத்து என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பத்து கிலோ எடையுள்ள நாயின் உடலில் ஏறத்தாழ 800 முதல் 900 மில்லிலிட்டர் இரத்தமே இருக்கிறது. அதில் கால் பங்கு வயிற்றறைக்குள் வடிந்தாலும் வயிறு உப்பித் தெரியாது. எழுந்து நடந்ததும் தேறிவிட்டதற்கு அடையாளம் ஆகாது. இரத்த இழப்பை ஈடுகட்ட இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மண்ணீரல் தன்னிடமுள்ள சிவப்பணுக்களைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. இந்தத் தாங்குதல் தீரும்வரை நாய் நிற்கும், வாலும் ஆட்டும், பிறகு சட்டென்று சரியும். முதல் பரிசோதனையில் சிவப்பணு அளவு சரியாக இருப்பதைக் கண்டு ஆறுதல் கொள்ளும் இளைய மருத்துவர்களும் இதை மறக்க வேண்டாம். இரத்தத்திலுள்ள மொத்தப் புரத அளவே முன்னதாக இறங்கும்.

உதரவிதானமே கிழிந்திருந்தால் கல்லீரலும் குடலும் நெஞ்சறைக்குள் ஏறிவிடும். மூச்சு வாங்குவதை வெறும் பயம் என்று ஒதுக்காதீர்கள்.

மோதல் நடந்த உடனே கிளம்புங்கள். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு கருமையாக உள்ள நாய்க்குக் கீழிமையின் உட்புறத்தில் வெளிறலைப் பாருங்கள். நிறம் நன்றாக இருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்காதீர்கள். தட்டையான பலகையில் கிடத்தி, மூச்சுத் திணறினால் முன்னுடலைச் சற்று உயர்த்திக் கொண்டுவாருங்கள்.

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்போம், ஏனெனில் மெதுவாகக் கசியும் இரத்தம் தேங்கிய பிறகே தெரியும்; அதுவரை நாயை எங்களிடமே விட்டுவையுங்கள்.