தலையில் அடி, வாயில் ‘ஒண்ணுமில்ல’

டொராண்டோவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளைகள் முழங்கால் வலித்தால் அவர்களாகவே வந்து சொல்லிவிடுவார்கள். தலையில் பட்ட அடியைத்தான் மறைப்பார்கள். ஏன் என்று கேட்கும் பெற்றோருக்கு ஐஸ் ஹாக்கி வீரர் ஸ்டீவ் மொன்டடோரைப் பற்றிச் சொல்வேன்.

மொன்டடோர் நட்சத்திர வீரர் அல்ல. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில், அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2000-இல் கால்கரி அணி ஒப்பந்தம் கொடுத்தது. அப்புறம் புளோரிடா, அனஹைம், பாஸ்டன், பஃபலோ, சிகாகோ என ஆறு அணிகளில் 571 ஆட்டங்கள். கடைசியில் குரோஷியாவின் ஸாக்ரெப் வரை போனார். 2015 பிப்ரவரியில் இறந்தபோது வயது 35. அவருடைய மூளையை ஆராய்ந்த டொராண்டோ மருத்துவர்கள், அதில் சி.டி.இ. இருந்ததாக அறிவித்தார்கள். திரும்பத் திரும்ப அடிபட்ட மூளைகளில் காணப்படும் சிதைவு நோய் அது. உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய வழியில்லை. மரணத்துக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 35 வயது மூளையில் இருக்க வேண்டியதல்ல அது.

மொன்டடோரைப் போல, கோல் விழாமல் காக்கும் டிஃபென்ஸ் ஆடுபவரின் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) உங்கள் மூலைக்கு அடித்துவிடும். அதை எடுக்க நீங்கள் போர்டை (மைதானத்தைச் சுற்றியிருக்கும் தடுப்புச் சுவர்) நோக்கி ஓட வேண்டும். முதுகு ஆட்டத்தின் பக்கம், கண் பக்கின் மேல், பின்னால் ஒருவர் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பார். முன்பெல்லாம் கூட ஆடும் டிஃபென்ஸ்காரர் அவரைக் கொஞ்சம் தடுத்து, பிடித்து, தாமதப்படுத்துவார். 2005-06 சீசனிலிருந்து அந்தத் தடுப்பாட்டத்துக்கு நடுவர்கள் கறாராகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். ஆட்டம் விறுவிறுப்பானது. மூலையில் பக் எடுப்பவருக்குத்தான் கஷ்டம்.

நட்சத்திரம் நாலு வாரம் உட்கார்ந்தாலும் அவருடைய இடம் அப்படியே இருக்கும். அணி அணியாக மாறும் ஒருவருக்கு அப்படியில்லை. கீழ் லீக்கிலிருந்து ஒரு இளைஞர் அவர் இடத்துக்கு வரத் தயாராக நிற்பார். இருவழி ஒப்பந்தம் என்றால், கீழே அனுப்பியதுமே சம்பளம் பல மடங்கு இறங்கிவிடும். இந்த நிலையில் “தலை சுத்துது” என்று யார் சொல்வார்கள்?

நான் பார்க்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அணியில் இடம் போய்விடும் என்ற பயம் அச்சு அசலாக அதேதான். “ஒண்ணுமில்ல” என்பான். வகுப்பறை வெளிச்சம் கண்ணைக் கூசும், தங்கை மேல் எரிந்து விழுவான், வீட்டுப்பாடத்தில் ஒரே வரியையே திரும்பப் படிப்பான். வீட்டில் இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கி ஏற்படும் பாதிப்பு, சாதாரண சி.டி. ஸ்கேனில் தெரியாது. விலை உயர்ந்த ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதும் இப்போது பழைய வைத்தியம். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை, அப்புறம் படிப்படியாக ஆட்டம். ஆட்டத்தைவிடப் பள்ளிக்கூடம்தான் முதலில்.

டொராண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2013-இல் ரக்பி ஆடி, ஒரே வாரத்துக்குள் பல அடிகள் பட்டு இறந்த 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயரில் 2018-இல் வந்தது. கன்கஷன் சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். மருத்துவரோ, நர்ஸ் பிராக்டிஷனரோ (சிகிச்சை தரும் தகுதி பெற்ற மூத்த செவிலியர்) சம்மதித்த பிறகே முழு ஆட்டத்துக்குத் திரும்பலாம். கோச் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம் என்று எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், கனடாவின் அவசர எண்ணான 911-ஐக் கூப்பிடுங்கள்.