அரிசி மணியில் தெரியும் வெயில்

எங்கள் அலுவலகச் சமையலறையில் ஒரு சின்ன ரைஸ் குக்கர் உண்டு. தமிழகத்து ஆலைகள் அனுப்பும் மாதிரிப் பொட்டலங்களை அதில்தான் வேகவைத்துப் பார்ப்போம். அதற்கு முன் 100 கிராம் அரிசியைக் கறுப்புத் தட்டில் பரப்பி, முழு மணி, நொய், நடுவில் சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுத்த மணி என்று மூன்றாகப் பிரித்து எடை போடுவோம். சிங்கப்பூருக்கு அரிசியும் பருப்பும் இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் 19 ஆண்டுகளாக எனக்கு இதுதான் வேலை. நான் சேர்ந்த புதிதில் அந்த மூன்றாவது குவியலை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். இப்போது என் கண் முதலில் போவது அங்கேதான்.

பருவநிலை மாற்றம் என்றதும் இங்கே பலருக்கும் கடல்மட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அது வேண்டிய கவலைதான். ஆனால் வெயில் நம் சோற்றுப் பானைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. கடையின் விலைச்சீட்டில் தெரிவதற்கு வெகு முன்பே அது மணியில் தெரிகிறது. வயலில் ஏற்படும் நட்டம் யார் யார் கை மாறி நம் தட்டுக்கு வருகிறது என்பதை, என் மேசையிலிருந்து பார்த்த அளவில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நெல்லுக்கு இரண்டு கண்டங்கள் உண்டு. ஒன்று, பூக்கும் நேரம். நெற்பூ முற்பகலில் சிறிது நேரம்தான் விரிந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து, மணி பிடிக்காமல் பதராகிவிடும். இன்னொன்று, பலரும் நினைத்துப் பார்க்காதது: இரவு வெப்பம். பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடுகிறது, மணிக்குப் போய்ச் சேருவது குறைகிறது. பிலிப்பீன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் ஆண்டுக்கணக்காக எடுத்த அளவீடுகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கோடைப் பட்டத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. பகல் வெயிலை விட இரவுப் புழுக்கமே அங்கே கூடுதலாகக் கெடுத்திருக்கிறது.

இப்படிச் சூட்டில் விளைந்த நெல்லில் மாவு நெருக்கமாகப் படியாது. அந்த இடைவெளிதான் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. அரவையில் அந்த இடத்தில்தான் மணி ஒடியும். புழுங்கல் அரிசியில் அவித்தெடுப்பதால் மாவு இறுகி இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடும். பச்சரிசியில் அப்பட்டமாகத் தெரியும்.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். இந்திய அரசின் அரவைக் கணக்குப்படி 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி வரவேண்டும். அந்த 67 கிலோவில் முழு மணி எவ்வளவு, நொய் எவ்வளவு என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. கணக்குக்காக முழு அரிசி கிலோ 50 ரூபாய், நொய் 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நொய் 5 கிலோவாக இருந்தால் ஆலைக்காரருக்கு 3,225 ரூபாய் கிடைக்கும். அதுவே 15 கிலோவானால் 2,975 ரூபாய்தான். நெல்லின் எடையும் மின்கட்டணமும் கூலியும் ஒன்றுதான், கையில் 250 ரூபாய் குறைகிறது. விளைச்சல் புள்ளிவிவரத்தில் இந்த 250 ரூபாய் எங்கும் வராது. அதில் ஒரு பங்கை நெல் வாங்கும்போதே விவசாயியிடம் கழித்துக்கொள்வார்கள், ஒரு பங்கு என் விலையில் ஏறும், மீதி தரத்தில் போகும். பையின் பெயரும் படமும் மாறாது, உள்ளே நொய் கூடியிருக்கும். "முன்ன மாதிரி சோறு உதிரியா வரலையே" என்று கடையில் கேட்பவர்கள் பலருக்கு, தாங்கள் கேட்பது வானிலையைப் பற்றி என்று தெரியாது.

இது மெல்ல அரிக்கும் சேதம். கதவு சட்டென்று சாத்தப்படுவது வேறு விதம். அதை 2023-இல் பார்த்தோம்.

அந்த ஆண்டு எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி மழையின் போக்கைக் குலைக்கும் நிலை. இந்தியாவில் பருவமழை ஓரிடத்தில் கொட்டியும் ஓரிடத்தில் பொய்த்தும் தாறுமாறாகப் போனது. உள்நாட்டில் அரிசி விலை ஏறியதும், ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது. ஏற்கெனவே கப்பலில் ஏற்றத் தொடங்கியிருந்த சரக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவுடையது. 2022-இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியிலும் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய அதே அளவுதான்.

மறுநாள் காலையிலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை. சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர் ஒருவர், "அக்கா, பொன்னி வருமா, வராதா? ஒருத்தரே ஆறு பை தூக்கிட்டுப் போறாங்க" என்றார். தடை வெள்ளைப் பச்சரிசிக்குத்தான், நாம் சாப்பிடும் பொன்னிப் புழுங்கலுக்கு இல்லை என்று அன்று எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிப் போன ஆறு பையும் நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு மூன்று மாதத்தில் வண்டு பிடித்திருக்கும். ஆகஸ்ட் 25 அன்று புழுங்கலுக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. அதே ஆண்டு இந்திய வெங்காய ஏற்றுமதியின் கதையும் இதே மாதிரிதான்: ஆகஸ்டில் 40 விழுக்காடு வரி, டிசம்பர் 8 அன்று முழுத் தடை.

சிங்கப்பூர் அரசு பேசியதன் பலனாக, ஆகஸ்ட் மாத இறுதியில் நமக்கென்று 50,000 டன் வெள்ளை அரிசியை இந்தியா சிறப்பாக அனுமதித்தது. இன்னொரு பாதுகாப்பும் இங்கே உண்டு, நம்மில் பலர் அறியாதது. வெள்ளை அரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கல் ஆகியவற்றை இறக்குமதி செய்வோர், இரண்டு மாத இறக்குமதிக்குச் சமமான அரிசியை அரசு குறிப்பிட்ட கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அந்தக் கிடங்கு வாடகை, அதில் முடங்கிக் கிடக்கும் பணம், அதற்கான வட்டி எல்லாம் ஒவ்வொரு கிலோவின் விலையிலும் இருக்கின்றன. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2023-இல் நம் அலமாரிகள் காலியாகாமல் காத்ததில் அந்தக் கிடங்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு பிடி நெல்கூட விளையாத ஊரில் வானிலைக்கு நாம் கட்டும் காப்பீட்டுத் தொகை அது.

ஆக, நம்மைப் போன்ற நாட்டுக்கு முதல் அடி விளைச்சல் குறைவால் விழுவதில்லை. விளைச்சல் குறையலாம் என்ற பயம் வந்ததுமே விளைவிக்கும் நாடு கதவைச் சாத்துகிறதே, அதில்தான் விழுகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் மக்களுக்கு முதலில் சோறு என்று எந்த அரசும் நினைக்கும். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கும் விவசாயிக்கு என்ன ஆகிறது என்பதை இங்கே யாரும் பேசுவதில்லை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவர். எங்களுக்கு அரைத்துத் தரும் ஆலைக்கு நெல் போடுபவர், அந்த வழியில் பல ஆண்டுப் பழக்கம். 2023 ஜூன் 12 அன்று காவிரியின் மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கம்போல் திறந்தபோது தெம்பாகக் குறுகிய காலக் குறுவை நெல் நட்டார். பிறகு வந்தது, 1901 முதல் உள்ள பதிவுகளிலேயே இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட். மழை 36 விழுக்காடு குறைவு. அணையில் நீர் இறங்கிக்கொண்டே போய், அக்டோபர் 10 அன்று மூடிவிட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்பு அழைத்திருந்தேன்.

"ஏம்மா, கதிரு வந்துருச்சு, தண்ணி வரல. பால் புடிக்கிற நேரத்துல காஞ்சா சாவியாத்தாம்மா போவும், வெறும் பதருதான். மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்" என்றார்.

உலகச் சந்தையில் அரிசி விலை 15 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போன சமயம் அது. ஆனால் தடையின் நோக்கமே உள்நாட்டு விலையை அடக்கி வைப்பது. அதனால் ஆழ்குழாய்க் கிணறு வைத்து எப்படியோ பயிரைக் காப்பாற்றியவருக்கும் அந்த உயர்ந்த விலை போய்ச் சேரவில்லை. வானம் ஒருமுறை எடுத்துக்கொண்டது, சந்தை இன்னொரு முறை எடுத்துக்கொண்டது. இங்கே நாம் கூடுதலாகக் கொடுத்த சிங்கப்பூர் வெள்ளி விவசாயிக்குப் போயிருக்கும் என்று யாராவது நினைத்தால், அது உண்மையில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 12 அன்று அணை திறக்கவே இல்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தது.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் எண்ணெய்ச் சட்டி அதோடு கட்டப்பட்டிருக்கிறது. பாமாயில் தரும் செம்பனை வறட்சியை உடனே காட்டாது. தண்ணீர் குறைந்தால் பெண் பூங்குலைகள் கருகி, பழக்குலை குறைவது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கழித்துத்தான் தெரியும். வறட்சிச் செய்தியை எல்லோரும் மறந்த பிறகு எண்ணெய் விலை ஏறும். செம்பனைக்காகவும் காகிதக் கூழ்மரத்துக்காகவும் வடிகால் வெட்டி உலர்த்திய, மக்கிய தாவரம் படிந்த கரிச்சதுப்பு நிலம், எல் நினோ ஆண்டில் மண்ணுக்கடியிலேயே கனன்று எரியும். 2015-இல் இந்தோனேசியாவில் கரிச்சதுப்பும் மற்ற நிலமும் சேர்த்து எரிந்தது சுமார் 26 லட்சம் ஹெக்டர். விவசாயமும் வனமும் போக்குவரத்தும் சேர்த்து அந்நாட்டுக்கு 1,610 கோடி அமெரிக்க டாலர் இழப்பு என்று உலக வங்கி மதிப்பிட்டது. புகைமூட்டத்தால் செப்டம்பர் 25 அன்று இங்கே பள்ளிகளை மூடினார்களே, அந்தப் புகைதான். இழந்த காட்டின் மதிப்பை எந்த எண்ணெய்ப் புட்டியின் விலையிலும் நான் பார்த்ததில்லை.

இந்தச் சுமை கடைசியில் யார் தட்டில் இறங்குகிறது? வசதியுள்ள வீட்டில் ஐந்து கிலோப் பைக்கு ஒன்றிரண்டு வெள்ளி கூடினால் தாங்கிக்கொள்வார்கள். எனக்கு வருத்தம் தருவது, வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்குப் போகும் சாப்பாடு. மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்த கட்டணம் அது. அரிசி ஏறினால் கட்டணம் ஏறாது, அரிசியின் தரம் இறங்கும். விடியலுக்கு முன்பே பொட்டலம் கட்டும் சோறு நொய் மிகுந்ததாக இருந்தால், வேலையிடத்தில் மதியம் திறக்கும்போது களியாக ஒட்டிக் கிடக்கும். ஒரு விடுதியில் சாப்பாட்டுத் தரம் பற்றிக் கருத்துக் கேட்கப் போனபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் சொன்னார்: "ஊர்ல குறுவை போச்சுக்கா. கடன் வாங்கித்தான் இங்க வந்தேன். சம்பளத்துல பாதி, போர் கெணறு போட்ட கடனுக்குப் போவுது." அவர் வயலைக் காயவைத்த அதே வெயில்தான் அவர் பொட்டலத்தையும் கெடுத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டுத் தொழிலில் இருப்பவர்களிடம் நான் இப்போது விடாமல் கேட்டுக்கொள்வது இது. ஒப்பந்தம் எழுதும்போது அரிசியின் ரகத்தோடு நொய் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்பதையும் எழுதுங்கள். அரிசி விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் கட்டணத்தைத் திரும்பப் பேசலாம் என்று ஒரு வாசகம் சேருங்கள். சாப்பாட்டை ஏற்பாடு செய்யும் முதலாளிகளும் அந்த வாசகத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு பேர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: தடைச் செய்தி வந்தால் எந்த அரிசிக்குத் தடை என்று முதலில் படியுங்கள், ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். தாய்லாந்துப் புழுங்கலை ஒருமுறை சமைத்துப் பாருங்கள். இட்லிக்குப் பாதிக்குப் பாதி கலந்து, ஊறும் நேரத்தைச் சற்றுக் கூட்டினால் என் வீட்டில் நன்றாகவே வருகிறது. "பொன்னி இல்லாம எப்படி?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு செய்தி சொல்வதுண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியின் மூலம், 1965-இல் மலேசியாவில் வெளியான மசூரி நெல். அதன் ஒரு பெற்றோர் தைவான் நெல், இன்னொன்று மலாய் மண்ணின் நெல். காவிரியின் பெயரைத் தாங்கி நிற்கும் அரிசிக்கு, மலேசியாவுக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் தாய்வீடு.

மன்னார்குடிப் பெரியவர் போன மாதம் அழைத்தார். நிலத்தில் பாதிக்கு இனிக் குறுவை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாராம். "உளுந்து போட்டிருக்கேம்மா. தண்ணி கம்மியாத்தான் கேக்கும். வாங்கிக்குவியா?" என்று கேட்டார். "மாதிரி அனுப்புங்க ஐயா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பொட்டலம் இந்த வாரம் வந்து சேர வேண்டும். கறுப்பு உளுந்தைக் கறுப்புத் தட்டில் பரப்பினால் ஒன்றும் தெரியாது, வெள்ளைத் தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.