மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள்

“மாத்திரையை நிறுத்திட்டோம் மேடம். இனி நீங்க பேசியே சரி பண்ணிடுங்க.”

பேச்சு வழியே சிகிச்சை தரும் என்னிடம் இந்த மாதம் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்த மூன்றாவது குடும்பம். பையனுக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. நன்றாகத் தேறி வந்தவன், மாத்திரை நின்ற சில வாரங்களில் தூக்கத்தைத் தொலைத்து, ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் பேச்சு அவன் காதில் ஏறவே இல்லை. அன்றே மனநல மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்.

சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை மாத்திரைக்கு மாற்று இல்லை. மாத்திரையோடு சேர்த்துத் தருவது. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் மனச்சிதைவுக்கு இதைப் பரிந்துரைக்கிறது, குறைந்தது 16 அமர்வுகள் வேண்டும் என்கிறது. ஆனால் மருந்தோடு சேர்த்துத் தந்தால்தான் பலன் அதிகம் என்கிறது. 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அலசலைப் பாருங்கள். ஓராண்டு வாக்கில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100-க்கு 27 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேருக்கு. மாத்திரையால் உடம்பு பெருக்கிறது, பகலெல்லாம் தூங்கி வழிகிறான் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், நான் புத்திமதி சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். புத்திமதி கேட்டுப் போகிற நோயென்றால் நீங்கள் சொன்னபோதே போயிருக்கும். “கதவை நூறு தடவை தொடாவிட்டால் அம்மா செத்துவிடுவாள்” என்று ஒருவருக்கு, வேறு யாருக்கும் கேட்காத குரல் கேட்டது. குரல் பொய் என்று நான் வாதாடவில்லை. எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு சத்தம் என்று நோட்டில் குறிக்கச் சொன்னேன். தனியாக இருக்கும் மாலைகளில்தான் அதிகம் என்று அவரே கண்டுபிடித்தார். பிறகு கதவைத் தொடுவதை ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டுப் பார்த்தோம், அடுத்த வாரம் பத்து நிமிடம். அம்மா வெளியே வராந்தாவில் நலமாக உட்கார்ந்திருந்தார். குரல் நிற்கவில்லை, அதன் மிரட்டல் செல்லாமல் போனது. மாத்திரை அவரை நிதானப்படுத்தி வைத்திருந்ததால்தான் இவ்வளவும் முடிந்தது.

வீட்டில் நோயாளி குரலைப் பற்றிப் பேசினால் “பைத்தியம் மாதிரி உளறாதே” என்று அடக்காதீர்கள், தயவுசெய்து. ஆமாம் என்று ஒத்தும் ஊத வேண்டாம். “அது கேக்கும்போது பயமா இருக்காப்பா?” என்று கேட்டால் போதும். செத்துப்போ என்றோ யாரையாவது அடி என்றோ குரல் சொல்கிறதென்றால் மட்டும் என் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல், அந்த நேரமே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.