பின் என்றால் ஊசி இல்லை

"இடது தோளில் ஊசி போடவும். குணமாகும் வரை கையை அசைக்க வேண்டாம்."

தடுப்பூசி முகாமில் கொடுத்த சீட்டு என்று நினைத்தால் உங்கள் மேல் தப்பில்லை. இது ஒரு குட்டிப் போர்வீரனை ஒட்டிச் சேர்ப்பதற்கான செய்முறைக் குறிப்பு. பெரம்பூரில் ஒரு மொட்டைமாடி அறையில் மேசைமேல் போர் ஆடும் சின்னக் கூட்டம் எங்களுடையது. உலோகத்தில் வார்த்த போர்வீரன் காய்களைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசி ஆடுவோம். புதிதாக வரும் பையன்களுக்கு உதவட்டும் என்று எங்களில் ஒருவர் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கிக் கொடுத்தார். நல்ல மனசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பின்னிங்' என்று வந்த இடத்திலெல்லாம் 'ஊசியிடல்' என்று போட்டுவிட்டார், இப்போது கூட்டம் முழுக்க 'ஊசி போட்டியா, ஊசி போட்டியா' என்றே கேட்டுக்கொண்டிருக்கிறது. போன ஞாயிறு ஒரு பையன் நிஜமாகவே குண்டூசியை எடுத்து உலோகக் கையில் குத்தப் பார்த்தான். ஊசி வளைந்தது, விரலில் ரத்தம். அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் காய்கள் வெள்ளீயம் அதிகமாகக் கலந்த உலோகத்தில் வார்த்தவை (பழைய காயாக இருந்தால் காரீயமும் இருக்கும், அதை அரத்தால் தேய்த்துவிட்டுக் கை கழுவாமல் பஜ்ஜி தின்னாதீர்கள்). பாதத்திலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர்தான், ஆனாலும் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் நல்ல கனம். பிளாஸ்டிக் பொம்மைக்கு என்று விற்கும் பசை அந்தப் பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். உலோகத்தில் அந்த வித்தை பலிக்காது. பற்றவைக்கலாமே என்று ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் கேட்டார். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், சூட்டுக்கோலை வைத்தால் கையோடு தோளும் ஒழுகிவிடும் ஐயா என்றேன். மிச்சம் இருப்பது ஃபெவிக்விக் மாதிரி உடனே பிடிக்கும் பசை, இல்லாவிட்டால் இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் அரால்டைட். முதல் வகை காற்றில் இருக்கிற ஈரத்தை வைத்தே இறுகுவது, காசிமேட்டுக் காற்று வீசும் பக்கத்தில் அதற்குக் குறையே இல்லை, ஈரம் ரொம்ப அதிகமான நாளில் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தும் போகும். நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். கீழே விழுந்தால், பக்கவாட்டில் ஒரு தட்டு பட்டால், படக்கென்று விட்டுவிடும். அதனால் கையிலும் தோளிலும் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போட்டு, காகிதக் கிளிப்பை வெட்டிய கம்பித் துண்டை உள்ளே வைத்துப் பசை போட்டுச் சேர்ப்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, கனத்தைக் கம்பி வாங்கிக்கொள்ளும். இதுதான் பின்னிங்.

சொல்லின் பிறப்பு சிக்கல் இல்லாதது. பழைய ஆங்கிலத்தில் 'பின்' என்றால் மரமுளை, தாழ்ப்பாள் கட்டை மாதிரியான பொருள்தான். இறகையும் கூர்முனையையும் குறிக்கும் 'பின்னா' என்ற லத்தீன் சொல்லோடு உறவு சொல்வார்கள். தையல்காரரின் குண்டூசி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பட்டறைகளில் இன்றும் பழைய பொருள்தான் ஓடுகிறது. இரண்டு பாகங்களைச் சேர்க்க உள்ளே வைக்கிற உருளைக் கட்டை, 'டவெல் பின்' (dowel pin), அதற்கு எங்கே ஊசிமுனை இருக்கிறது?

ஊசி என்றால் ஒரு முனை கூராக இருக்க வேண்டும், தானே துளைத்துக்கொண்டு போக வேண்டும், வேலை முடிந்ததும் வெளியே வர வேண்டும். தையல் ஊசி, கோணி ஊசி, டாக்டர் ஊசி எல்லாம் அப்படித்தான். நம் கம்பித் துண்டு எதையும் துளைக்காது, துளை முன்னமே போட்டாயிற்று. இரண்டு முனையும் மொட்டை. உள்ளே போனால் போனதுதான். இப்படி எல்லாக் குணத்திலும் எதிராக நிற்கிற ஒன்றை ஊசி என்று சொல்ல ஒரே காரணம், அகராதியைத் திறந்ததும் முதலில் நின்றது குண்டூசி. தமிழாக்கிய நண்பரிடம் இதைச் சொன்னேன், அவர் விடவில்லை. 'ஊசியிடல்' வேண்டாம் என்றால் 'இணையூசி', அதுவும் பிடிக்காவிட்டால் 'உள்ளூசி' என்று வரிசையாக எடுத்துவிட்டார். உள்ளூசி என்றால் எனக்கு இன்னும் கம்பவுண்டர்தான் தெரிகிறார். காந்த ஊசி எதைக் குத்துகிறது சொல்லுங்கள் என்று மடக்கவும் பார்த்தார். அது குத்தாவிட்டாலும் திசை காட்டுவது அந்தக் கூர்முனைதானே, கூர் இல்லாத காந்த ஊசியை வைத்துக்கொண்டு கடலுக்குப் போவாரா?

அப்படியே 'பின்' என்று விட்டுவிடலாமே என்றார் இன்னொருவர். ஆங்கிலச் சொல்லைக் கண்டாலே ஆகாது என்கிற ஆள் நானில்லை, பஸ்ஸைப் பஸ் என்றுதான் சொல்கிறேன். ஆனால் தமிழில் 'பின்' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. 'பின் வைத்த பின் ஒட்டவும், ஒட்டிய பின் பின் தெரியக்கூடாது.' வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஆணி கொஞ்சம் நியாயமான போட்டியாளர். பழைய மரச்சட்டங்களில் மூங்கில் ஆணி பார்த்திருப்பீர்கள், தலையும் கிடையாது, உள்ளேயே நிற்கும். ஆனால் ஆணி என்றதும் கை சுத்தியலைத் தேடுகிறது. எங்கள் பையன்களை நம்ப முடியாது, குண்டூசியிலேயே பார்த்தோமே.

என் ஓட்டு முளைக்கு. மாடு கட்ட அடிப்பது முளை, கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டுவது முளையில், திருகையின் கீழ்க்கல்லில் நின்று மேல்கல்லை விலகாமல் பிடித்துக்கொள்வதும் முளை. வியாசர்பாடியில் தச்சு வேலை பார்த்த என் தாத்தா இரண்டு பலகையை விளிம்போடு விளிம்பாகச் சேர்க்கும்போது இரண்டிலும் துளை போட்டு உள்ளே ஒரு குச்சி வைப்பார், அதை முளை என்றுதான் சொல்வார். அதுவும் நாம் செய்வதும் ஒரே வேலை, அளவுதான் சின்னது. இன்னொன்று, தோளில் கம்பியை ஒட்டிவிட்டுப் பார்த்தால் ஊறவைத்த பயறு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும், நிஜமாகவே முளைத்த மாதிரி. அந்த நுனியில் துளி வண்ணத்தைத் தொட்டு எதிர்த் துண்டில் ஒற்றினால் அடுத்த ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஆக, பின் என்பது முளை, பின்னிங் என்பது முளை வைத்தல். 'முளையிடல்' வேண்டாம், உருளைக்கிழங்கு ஞாபகம் வரும். ஒரே ஆபத்து, குறில் நெடில் பார்க்காமல் எழுதுகிறவர் கையில் 'தலையில் மூளை வைக்கவும்' என்று ஆகலாம். சிலருக்கு அதுவும் தேவைதான்.

ஊசியோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். அதே குறிப்பில் 'அச்சுக் கோடுகளைக் கோப்பு செய்யவும்' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபைல்', இவருக்குக் கோப்பு! தாலுகா ஆபீஸுக்கு அனுப்பவா? அரம் என்று மூன்றெழுத்துச் சொல் இருக்கிறதே ஐயா. ஓரத்தில் பிதுங்கிய உலோகப் பிசிறுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளாஷ்', அதை 'பளிச்சிடல்' என்கிறார். பசை இறுகுவதை ஆங்கிலத்தில் 'க்யூர்' என்பார்கள், அது இவருக்குக் குணமாவது. ஒட்டுவதற்கு முன்னால் சும்மா பொருத்திப் பார்ப்பதை 'உலர் பொருத்தம்' என்று எழுதியிருக்கிறார், மழைக்காலத்தில் செய்யக்கூடாதோ என்று ஒரு பையன் கேட்டான். தேருக்கு வெள்ளோட்டம் விடுகிற நாட்டில் இதற்குச் சொல் இல்லையா? அரத்தையும் துளையையும் தொட்டே பார்க்காமல் அகராதியை மட்டும் தொட்டு எழுதினால் இப்படித்தான் வரும். தனித்தமிழ் என்று மார்தட்டுகிறவர்களிலும் பாதிப் பேர் இதே ரகம், தச்சரிடமும் கொல்லரிடமும் இருக்கிற தமிழைக் கேட்காமல் புதிதாக ஒன்றை ஒட்டுப்போட்டுக் கொண்டுவருவார்கள், அது அவர்கள் ஒட்டிய காய் மாதிரியே ஒரு தட்டில் கழன்று விழும்.

நண்பர் ஒருவழியாக முளைக்கு ஒத்துக்கொண்டார். அடுத்த கேள்வி, விரலால் உருட்டி ஓட்டை போடும் அந்தக் குட்டிக் கருவி, பின் வைஸ், அதற்கு என்ன? கைத்துரப்பணம் என்றேன், துரப்பணம் தச்சர்கள் சொல்வதுதான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எழுதிக்கொண்டார். "சரி, எங்கே கிடைக்கும்?" "சவுக்கார்பேட்டையில் நகைத் தொழிலுக்குக் கருவி விற்கிற கடையில்." "போய் கைத்துரப்பணம் என்று கேட்கட்டுமா?"

கேட்டுப் பார்க்கட்டும். ஆனால் புறப்படும்போது பின் வைஸ் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் சட்டைப்பையில் போட்டுத்தான் அனுப்பினேன்.