நெகிழி: நீச்சல்குளத்தை வைத்து ஒரு சொல் விளக்கம்

'பிளாஸ்டிக்' கிரேக்க வேரில் பிறந்த சொல். 'பிளாசைன்' என்றால் களிமண்ணைப் பிசைவது போலப் பிசைந்து உருக்கொடுத்தல். 'பிளாஸ்டிகோஸ்' என்றால் அப்படி உருக்கொடுக்கத் தோதானது. ஆக, முதலில் இது ஒரு தன்மையின் பெயர். பிளாஸ்டிக் சர்ஜரியில் இருப்பதும் இந்தப் பழைய அர்த்தம்தான். அங்கே உறுப்புக்கு உருவம் அமைக்கிறார்கள் என்பதே செய்தி, பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பதில்லை. 1907இல் வேதியியலாளர் லியோ பேக்லாந்து, முழுக்கச் செயற்கையான முதல் நெகிழியான பேக்கலைட்டை உருவாக்கினார். அதன் பிறகு வந்த ஆண்டுகளில்தான் தன்மையின் பெயர் பொருளுக்கே பெயராக ஒட்டிக்கொண்டது.

தமிழில் நாம் எழுதுவது 'நெகிழி'. வேர் 'நெகிழ்': தளர், இளகு, நழுவு. 'தொடியொடு தோள்நெகிழ' என்று குறள் (1236) சொல்வது, தலைவி மெலிந்து வளை கழலும் அந்தத் தளர்ச்சியை. சிலர் 'ஞெகிழி' என்று எழுதுகிறார்கள். ஞெகிழ் என்பது பழைய வடிவம், பிழையில்லை. ஆனால் பழந்தமிழில் ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை என்றும் பொருள் உண்டு. தீப்பிடித்தால் உருகி ஒழுகும் பொருளுக்கு அது பொருத்தம்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எழுதும்போது 'நெகிழி'யே போதும். 'குழைமம்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. பிசைந்து உருவாக்குவது என்ற கிரேக்கப் பொருளுக்கு என் கணக்கில் அதுதான் இன்னும் நெருக்கம். ஆனால் நெகிழி நிலைத்துவிட்டது, இனி மாற்ற வேண்டியதில்லை.

சரி, பெயரில் இருக்கும் நெகிழ்ச்சி பொருளிலும் இருக்கிறதா? நீச்சல்குளம் இதைப் பார்க்க நல்ல இடம். எப்போதும் ஈரம், குளோரின், திறந்தவெளியென்றால் வெயில் வேறு. இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப்போகும். அதனால் குளத்தைச் சுற்றி எங்கே கைவைத்தாலும் நெகிழிதான்.

தண்ணீரைச் சுத்திகரிக்க எடுத்துச் செல்லும் குழாய் பெரும்பாலும் பிவிசி. வளைத்தால் வளையாது, விறைப்பாக நிற்கும். குளத்தின் உள்சுவரில் விரிக்கும் நீலநிற விரிப்பும், குழந்தைகள் கையில் மாட்டும் காற்றுப்பையும் பெரும்பாலும் அதே பிவிசிதான், ஆனால் துணி போல மடங்கும். வித்தியாசம் செய்வது உள்ளே கலக்கும் 'நெகிழ்வூட்டி' என்ற வேதிப்பொருள். நாளடைவில் அது கசிந்து வெளியேற, விரிப்பு விறைத்து வெடிக்கிறது. ஆகவே நெகிழி என்றால் 'எப்போதும் வளைவது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'உருவாக்கும்போது இளகிக் கொடுத்தது' என்பதே சரியான பொருள். அதிலும் இரண்டு வகை. மறுபடி சூடாக்கினால் இளகுவது இளகும் நெகிழி; பிவிசி அப்படி. ஒருமுறை இறுகினால் இறுகியதுதான் என்பது இறுகும் நெகிழி. கண்ணாடியிழையோடு பிசின் சேர்த்துச் செய்த வடிகட்டித் தொட்டிகள் அந்த வகை.

இதைவிடச் சுவாரசியமான குழப்பம் நீச்சலுடையில் இருக்கிறது. நைலான், பாலியெஸ்டர், இழுபடும் இழையான ஸ்பான்டெக்ஸ் எல்லாமே பலபடிகள், அதாவது பாலிமர்கள். வேதியியலின் கண்ணில் நெகிழிக் குடும்பத்துப் பிள்ளைகள். பேச்சு வழக்கில் மட்டும் அவை 'துணி'. 2008இல் ஸ்பீடோ நிறுவனம் கொண்டுவந்த எல்இசட்ஆர் ரேசர் என்ற பந்தய உடையில் பாலியூரித்தேன் என்ற நெகிழியின் தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள். உடலை இறுக்கிப் பிடித்து, நீரின் இழுப்பைக் குறைக்கும் ஏற்பாடு அது. அடுத்து வேறு நிறுவனங்கள் முழுக்கப் பாலியூரித்தேனிலேயே உடை செய்தன. 2009இல் ரோமில் நடந்த உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. நீந்துவது ஆளா, உடையா என்ற கேள்வி எழுந்தது. 2010 ஜனவரி முதல் உடை துணியால்தான் இருக்க வேண்டும், ஆண்களுக்குத் தொப்புளுக்குக் கீழிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை என்று அன்றைய சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு வரம்பு வைத்தது.

இப்போது கவனியுங்கள். அனுமதிக்கப்பட்ட உடைகளில் இருக்கும் ஸ்பான்டெக்ஸ் இழையும் பாலியூரித்தேன் வகைதான்! தகடாக இருந்தால் தடை, இழையாகத் திரித்து நெய்தால் அனுமதி. விதி பார்த்தது வேதியியலை அல்ல, நெசவை. 'நெகிழி உடைகளைத் தடை செய்தார்கள்' என்று எழுதினால் பாதிதான் உண்மை. 'நெய்யாத உடைகளை' என்று எழுதுவதே துல்லியம். அப்புறம், இந்த ஸ்பான்டெக்ஸைக் குளோரின் மெல்ல அரித்துவிடும். உடை தொளதொளவென்று ஆவது அதனால்தான். தினமும் பயிற்சி செய்பவர்கள் பாலியெஸ்டரும், அதன் ஒருவகையான பிபிடியும் கலந்த உடைகளைத் தேடுவதும் அதனால்தான்.

எதிர்ப்பக்கக் குழப்பமும் உண்டு. தலைக்கு மாட்டும் சிலிக்கோன் தொப்பியை நெகிழி என்றே பலர் சொல்கிறார்கள். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புவது ரப்பரின் குணம்; அதற்கு 'மீள்மம்' என்ற சொல் பொருந்தும். நீச்சல் கண்ணாடியில் இரண்டும் சேர்ந்திருக்கும். பார்க்கும் வில்லை பெரும்பாலும் பாலிகார்பனேட், அசல் நெகிழி. பெயரில்தான் 'கண்ணாடி'. கண்ணைச் சுற்றி ஒட்டும் விளிம்பு சிலிக்கோன், மீள்மம்.

தடங்களைப் பிரிக்கும் கயிற்றில் கோத்த வட்டுகள் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இரண்டும் தண்ணீரைவிட இலேசானவை, அதனால் மிதக்கும். வட்டு சுழன்று அலையின் வேகத்தை உறிஞ்சிக்கொள்வதால் பக்கத்துத் தடத்துக்காரருக்குத் தொல்லை குறைவு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மல்லாக்கு நீச்சலில் தங்கம் வென்ற அடால்ஃப் கீஃபர் பிற்காலத்தில் இந்த அலை தணிக்கும் கயிறுகளை வடிவமைத்தவர்களில் ஒருவர்.

எழுதுகிறவர்களுக்கு: லேன் ரோப்பைத் 'தடக்கயிறு' என்றும், கிக்போர்டை 'உதைப்பலகை' என்றும் எழுதினால் யாருக்கும் புரியும். உதைப்பலகை பெரும்பாலும் ஈவிஏ என்ற நெகிழி நுரை, பலகை என்பது வடிவத்துக்கு மட்டும் வந்த பெயர். நைலான், பிவிசி போன்ற தனிப்பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். பொதுப்பெயர் வேண்டிய இடத்தில் 'நெகிழி', இழையும் ரப்பரும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பலபடி'.