பூனைக்கு வேட்டை ஏன் அலுத்துப்போகிறது?

சென்ற வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். பூனைக்காக முந்நூறு ரூபாய் கொடுத்து மீன் வடிவப் பொம்மை ஒன்று வாங்கினாராம். பூனை முதல் நாள் பத்து நிமிடம் அதைப் புரட்டி எடுத்தது. மறுநாளிலிருந்து திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பொம்மை வந்த அட்டைப்பெட்டிக்குள்தான் படுத்துக் கிடக்கிறது. "வேளாவேளைக்குச் சோறு போட்டா அது எதுக்கு வேட்டையாடும் என்கிறார் எங்கள் ஆச்சி. சரிதானா?" என்று கேட்டிருந்தார்.

ஆச்சிக்குப் பாதி மதிப்பெண் தரலாம்.

பூனையின் தலைக்குள் பசியும் வேட்டையும் பக்கத்து வீடுகள். ஒரே வீடு அல்ல. ஒரு சுண்டெலி என்பது பூனைக்கு ஒரு வாய்ச் சோறுதான், வயிறு நிறைய ஒரு நாளில் பல எலிகள் வேண்டும். பாய்கிற ஒவ்வொரு முறையும் எலி சிக்குவதும் இல்லை. நன்றாகப் பசித்த பிறகுதான் கிளம்புவேன் என்றிருந்தால் பட்டினிதான். 1976இல் வெளியான ஒரு ஆய்வில், பூனைகள் தங்களுக்குப் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருக்கும்போதே பக்கத்தில் உயிருள்ள எலியை விட்டார்கள். பூனைகள் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய் எலியைக் கொன்றன. கொன்றதைத் தூக்கிவந்து தட்டருகே போட்டுவிட்டு, பழையபடி சாப்பாட்டில் வாய் வைத்தன!

அப்படியானால் ஆச்சிக்குப் பாதி மதிப்பெண் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2021இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தானியம் கலக்காத, இறைச்சி மிகுந்த உணவு கொடுத்தபோது, பூனைகள் வீட்டுக்குத் தூக்கிவரும் இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் வேட்டை போல விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதம் குறைந்தது. சோறு வேட்டையைக் குறைக்கும், ஆனால் அது எந்தச் சோறு என்பதுதான் விஷயம். தயிர்சாதம் தின்கிற பூனை எலி பிடிப்பதை விட்டுவிடும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். விளையாடினால் வேட்டை குறைகிறது என்றால், பொம்மையும் எலியும் பூனையின் மூளையில் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கப்படுகின்றன போலும்.

மூளையில் அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? 2017இல் யேல் பல்கலைக்கழகத்தில் இவான் டி அராவுஜோவின் குழு, சுண்டெலிகளின் மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதியின் நடுவிலுள்ள நரம்புச் செல்களை ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும்படி மாற்றியது. விளக்கைப் போட்டதும் எலி பூச்சியைத் துரத்தியது. பூச்சி இல்லையா, பாட்டில் மூடி, குச்சி, எது கிடைத்தாலும் பாய்ந்து கடித்தது. விளக்கை அணைத்தால் பழையபடி சாதுவாகிவிட்டது. துரத்துவதற்கு ஒரு நரம்புத்தடம், கடிப்பதற்கு வேறொன்று. கடிக்கும் தடத்தைக் கெடுத்தபோது எலிகள் துரத்தின, ஆனால் கொல்லும்படி கடிக்க முடியவில்லை. ஆக, வேட்டை வெறி என்பது போட்டு அணைக்கக்கூடிய ஒன்று.

சரி, ஆய்வுக்கூடம் இல்லாத வீட்டில் பத்து நிமிடத்தில் அதை அணைப்பது எது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2002இல் விலங்குகளின் நடத்தையை ஆராயும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் பிராட்ஷாவும் அவருடைய சகாக்களும் பூனைகளுக்கு ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். அலுத்துப்போனதும் எடுத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து அதையே திரும்பக் கொடுத்தார்கள். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஆர்வம் குறைந்துகொண்டே வந்தது. பூனை களைத்துவிட்டது என்றுதானே நினைப்போம்? நான்காவது முறை வேறு மாதிரியான பொம்மையைக் கொடுத்தார்கள். மறுபடியும் பாய்ச்சல்! அதிலும், இடைவெளி 5 நிமிடம் போலக் குறைவாக இருந்தபோது, புதுப் பொம்மை மீது காட்டிய மூர்க்கம் முதல் பொம்மையின் முதல் சுற்றைவிட அதிகம். இடைவெளி நீண்டபோது அந்தக் கூடுதல் வேகம் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். களைப்பு என்றால் தசை ஓய்ந்திருக்க வேண்டும். வேட்டை ஆசையே தீர்ந்தது என்றால் எந்தப் பொம்மைக்கும் அசையக் கூடாது. இங்கே ஆசை அப்படியே உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பொருள் மட்டும் வேண்டாம் என்று மூளை மூடி போட்டிருக்கிறது. வேறு பொருள் வந்ததும் மூடி திறக்கிறது, தேங்கியிருந்தது எல்லாம் சேர்ந்து பொங்குகிறது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் கொதிப்பு தானாக ஆறிவிடுகிறது.

அப்படியொரு மூடி எதற்கு? பிராட்ஷா தரும் விளக்கம் அழகானது. கடித்துக் குதறினால் உண்மையான இரை மாறும். தோல் கிழியும், மயிர் உதிரும், ரத்த வாடை வரும், துடிப்பு அடங்கும். எவ்வளவு கடித்தாலும் கொஞ்சமும் மாறாத ஒன்று, தின்னக்கூடியதாக இருக்காது. இல்லை, எதிர்த்துக் காயப்படுத்தும் அளவுக்கு முரடாக இருக்கும். இரண்டிலும் விட்டுவிடுவதுதான் புத்தி. கடைப் பொம்மைகள் கிழியாமல் உழைக்க வேண்டும் என்று தைக்கப்படுகின்றன. வாங்குகிற நமக்கு அது தரம், பூனைக்கு அதுவே குறை.

எங்கள் வீட்டுக் கருப்பியிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பல்லி ஒன்று வாலை உதறிவிட்டுச் சுவரேறியது. தரையில் துள்ளிய வாலின் முன்னால் கருப்பி பதுங்கியது, கண்மணி முழுக்கக் கறுத்து, பின்புறம் இப்படியும் அப்படியும் ஆட, ஒரு பாய்ச்சல். துள்ளல் குறையக் குறைய அடியும் மெதுவாயிற்று. கடைசியில் வால் லேசாக வளைந்து நின்றது. பாதத்தால் ஒரு தட்டு. அசையவில்லை. முகர்ந்துவிட்டு, இதற்காகவா வந்தோம் என்பது போலப் போய்விட்டது. பல்லி அதற்குள் டியூப்லைட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

இது பூனைக்கு மட்டும் உரிய குணமும் அல்ல. தேரையின் முன்னால் புழு போன்ற அட்டைத் துண்டை நகர்த்திக்கொண்டே இருந்தால், முதலில் திரும்பித் திரும்பிப் பார்க்கும், பிறகு அசையாமல் உட்கார்ந்துவிடும். துண்டின் வடிவத்தை மாற்றினால் மறுபடி திரும்பும்.

பூனைப் பொம்மைக்கெல்லாம் ஆராய்ச்சியா என்று சிரிப்பவர்களை எனக்குத் தெரியும். நம்மூரில் இப்படியொரு திட்டம் எழுதிப் பணம் கேட்டால், இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நாலு பொம்மை, ஒரு கடிகாரம், நிறையப் பொறுமை. ஆசை எப்படி அணைகிறது, எப்படி மூள்கிறது என்று இவ்வளவு மலிவாகச் சொல்லிக்கொடுத்த ஆய்வுகள் குறைவு. பயன் கேட்கிற அதே ஆட்கள் காலையில் பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பாவம், அது எதிர்ச்சுவர் அணிலைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும்.

வாசகிக்கு: மீன் பொம்மையைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். நாலைந்து பொருள்களை மாற்றி மாற்றிக் காட்டினால் போதும். செய்தித்தாளைக் கசக்கிய உருண்டை, சாக்குக் கயிறு, வாழைநார் எல்லாம் சும்மா கிடைக்கும், கடித்தால் பிய்ந்தும் போகும். கயிறு, நார் இருக்கும்போது மட்டும் கூடவே இருங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். கயிற்றைப் பூனையை நோக்கி ஆட்டாதீர்கள். எந்த எலியும் பூனையின் வாய்க்குள் ஓடிவராது. விலகி ஓடுவது போல இழுங்கள், கதவுக்குப் பின்னால் மறையவிடுங்கள். லேசர் விளக்கு காட்டுவதாக இருந்தால், கடைசியில் கவ்வுவதற்கு ஏதாவது ஒன்றைத் தூக்கிப் போடுங்கள். ஒளிப்புள்ளியை எந்தப் பூனையாலும் பிடிக்க முடியாது. ஆச்சியிடம் அந்த 36 சதவீதத்தைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

அட்டைப்பெட்டியை மட்டும் எறிந்துவிடாதீர்கள். முந்நூறு ரூபாயில் அதற்குப் பிடித்தது அதுதான். உள்ளே இருந்தால் யார் கண்ணிலும் படாது. வெளியே நடப்பவர் காலெல்லாம் அதன் கண்ணில் படும்.